இலையை ஒரு அடுக்குமாடின்னு வச்சுக்குங்க

விளக்குகிறவர்கள் என்று உலகத்தில் ஒரு இனம் உண்டு. அதில் தனி ரகம் 'வச்சுக்குங்க' ரகம். எந்த விஷயத்தையும் அந்த விஷயமாகவே சொல்லிவிட்டால் இவர்களுக்குத் தூக்கம் வராது. மழை பெய்கிறதே என்று சும்மா சொல்லிப் பாருங்கள், "வானத்தை ஒரு தண்ணித் தொட்டின்னு வச்சுக்குங்க" என்று ஆரம்பித்துவிடுவார்கள். நீங்கள் நனைந்துகொண்டே வச்சுக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த இனத்தின் சிகரம் எங்கள் பேராசிரியர். நான் குப்பை கொட்டும் ஆராய்ச்சி நிலையத்தில், பூஞ்சை தாக்கினால் செடி என்ன செய்கிறது என்பதைத் தலைமுடி கொட்டக் கொட்டப் படித்தவர். தங்கமான மனுஷர், வாயைத் திறக்காத வரை. செடியைப் பற்றிக் கேட்டால் வீட்டை இழுப்பார். வீட்டைப் பற்றிக் கேட்டால் செடியை இழுப்பார். "ஏங்க, யாரோ கதவைத் தட்டறாங்க, போய்ப் பாருங்க" என்று மனைவி சொன்னால், "கதவை ஒரு செடியோட செல் சுவர்னு வச்சுக்கோ. தட்டறது பூஞ்சையா இல்லையான்னு செல்லுக்கு எப்படித் தெரியும்?" என்பார். செல்லுக்குத் தெரிவதற்குள் வந்த ஆள் கேஸ் சிலிண்டரோடு திரும்பிப் போயிருப்பான். அந்த அம்மாள் இப்படி அடுப்பு அணைந்து உட்கார்ந்தது ஒரு தடவை அல்ல.

இவரிடம் ஒரு ஆராய்ச்சி மாணவி மாட்டியிருந்தாள். குளிரூட்டிய ஒரு ரூமில் தட்டுத் தட்டாகச் செடிகளை வளர்த்து, அவற்றின் மேல் பூஞ்சையைத் தெளித்து, இலையில் புள்ளி விழுமா விழாதா என்று சாப்பாடு தண்ணி மறந்து காத்துக் கிடக்கிறவள். அவளுடைய பட்டம் மொத்தமும் அந்த ரூமுக்குள்தான் இருந்தது. அதற்கு வந்தது வினை. நிலையத்தில் உடைந்த நாற்காலிகள் பெருகிவிட்டன. ரூம் செடிக்கா, நாற்காலிக்கா என்று தீர்மானிக்க ஒரு குழு போட்டார்கள். குழுத் தலைவர் ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர். தான் குடியிருக்கும் அடுக்குமாடியில் சங்கச் செயலாளர் வேறு.

"சார், நீங்க பேசவே வேண்டாம். நான் இலையைக் காட்டறேன், அது போதும்" என்று மாணவி முன்கூட்டியே கும்பிட்டுக் கேட்டுக்கொண்டாள்.

"நான் ஏம்மா பேசப் போறேன்?" என்றார் அவர், ஒன்றும் அறியாத முகத்தோடு.

கூட்டத்துக்குக் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு நானும் போயிருந்தேன். அவள் இரண்டு இலைகளை மேஜைமேல் வைத்தாள்.

"சார், இந்த இலை முழுக்கப் பூஞ்சை பிடிச்சுடுச்சு. இன்னொண்ணுல பாருங்க, சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளி மட்டும்தான். பூஞ்சை நுழைஞ்ச இடத்துல இருந்த செல்லுங்க தானாவே செத்துடுச்சு. இந்தப் பூஞ்சைக்கு உயிருள்ள செல்லுதான் சாப்பாடு. அது கிடைக்காம அங்கேயே பட்டினியா நின்னுடுச்சு, மிச்ச இலை பிழைச்சுது. செடி எப்படி இதைச் செய்யுதுன்னு தெரிஞ்சா பயிரைக் காப்பாத்தலாம்."

தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அட! அப்போ இந்தப் புள்ளி செடி தோத்த அடையாளம் இல்ல, ஜெயிச்ச அடையாளம். அப்படித்தானேம்மா?"

"ஆமா சார்!"

"புரிஞ்சுது. ரூம் உங்களுக்கே." பேனா மூடியைத் திறந்தார்.

இந்த இடத்தில் புத்தியுள்ள எந்தப் பிராணியாவது வாயைத் திறக்குமா? நம்மவர் தொண்டையைச் செருமினார்.

"அவ்வளவு சுலபமாப் புரியாது சார். இலையை ஒரு அடுக்குமாடின்னு வச்சுக்குங்க."

பேனா அந்தரத்தில் நின்றது.

"பூஞ்சை ஒரு திருடன். அவன் சட்டை நூல் ஒண்ணு சுவர்ல மாட்டிக்குது. வாசல் வாட்ச்மேன் அந்த நூலைப் பார்த்தே விசில் அடிச்சிடுவான். உடனே திருடன் அவனுக்கு மயக்க மருந்து குடுத்துடறான்."

"வாட்ச்மேன் எதுக்கு வாங்கிக் குடிச்சான்?" தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க பில்டிங்லயும் இதே தலைவலிதான். முதல்ல அவனை வேலையை விட்டுத் தூக்குங்க."

"தூக்க முடியாது சார். அவன் ஒரு புரதம்."

"யூனியன்ல இருக்கானா?"

மாணவி மேஜைக்கடியில் பேராசிரியர் காலை ஓங்கி மிதித்தாள். "சார், அவருக்குப் புரிஞ்சிடுச்சு சார்! பேனாவைத் திறந்துட்டாரு சார்!" என்று அழாத குறையாகச் சொன்னாள். கேட்டால்தானே?

"வீட்டுக்குள்ள இன்னொரு காவல் இருக்கு சார். அது மயக்க மருந்தை மோப்பம் பிடிச்சதும், வீட்டுக்காரரே வீட்டைக் கொளுத்திக்கிட்டுச் செத்துடுவாரு. மத்த மாடிக்கெல்லாம் எச்சரிக்கையா இருக்கச் சொல்லி போன் போயிடும்."

"பொண்டாட்டி பிள்ளைங்க?"

"எல்லாரும்தான். தேவைப்பட்டா பக்கத்து வீடும்."

தலைவருக்கு வியர்த்தது. நம்மவருக்கோ உற்சாகம் தலைக்கேறிவிட்டது. "இன்னொரு வகைப் பூஞ்சை இருக்கு சார், அவன் வேற மாதிரித் திருடன். அவனுக்கு எரிஞ்ச வீடுதான் பிடிக்கும். வீட்டுக்காரரை உசுப்பேத்தி அவர் கையாலேயே கொளுத்த வச்சுட்டு, ஆற அமர உட்கார்ந்து சாப்பிடுவான்!"

"அப்போ கொளுத்தினதே தப்பா?"

"அவன் விஷயத்துல தப்புதான்! அதுதான் சார் இதுல அழகே!"

தலைவர் பேனாவை மூடினார். "வாட்ச்மேன் மயங்கிக் கிடக்கான், வீட்டுக்காரன் கொளுத்தறான், திருடன் விருந்து சாப்பிடறான். இந்தக் கட்டடத்துக்கு நான் கையெழுத்துப் போட்டா நாளைக்குப் போலீஸ் என்னைத்தான் தேடி வரும். நாற்காலியைப் போடுங்கய்யா."

அன்று மாலையே செடித் தட்டுகள் வராந்தாவுக்கு வந்துவிட்டன. வெயிலில் இலைகள் துவள, மாணவி தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். எனக்கே மனசு ஆறவில்லை. பேராசிரியரும் கண் கலங்கித்தான் நின்றார். நின்றவர் சும்மா நிற்கக் கூடாதா?

"அழாதேம்மா. அந்த ரூமை ஒரு செல்லுன்னு வச்சுக்கோ..."

"ரூமை ரூமுன்னே வச்சுக்குங்க சார்!" என்று கத்தினாள் அவள். "ஒரே ஒரு தடவை!"

அவர் ஆடிப்போய் என் பக்கம் திரும்பினார். "இவ ஏன் இவ்வளவு கோபப்படறான்னு உங்களுக்குப் புரியுதா?"

"நல்லாவே புரியுது சார்" என்றேன். விட்டாரா? இருட்டும்வரை எனக்கு விளக்கினார்.

சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இன்று காலையில் உங்கள் வீட்டில் ஒருவர், "சரி சரி, புரிஞ்சுது" என்று உங்களிடம் சொன்னாரே, அதற்குப் பிறகும் நீங்கள் பேசிக்கொண்டுதானே இருந்தீர்கள்?