நாலாவது வரிக்குச் சொந்தக்காரி உயிரோடு இருக்கிறார்

பத்திரிகை ஆசிரியர் ஐயா அவர்கள் சமூகத்துக்கு,

உங்கள் ஆறாம் பக்கத்தைத் தினமும் காதால் படிக்கும் கிழவன் ஒருவன் கும்பிட்டு எழுதிக்கொள்வது. எழுதிக்கொள்வது என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன், எழுதுவது என் மருமகள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், டாக்டர் கிறுக்கலையே படிக்கிறவள், அதனால் நான் பேசுகிற வேகத்துக்கு அவளால்தான் எழுத முடியும். எனக்குக் கையெழுத்து என்றால் பெருவிரல்தான். இங்கே நாங்கள் எல்லோரும் உயிரோடும் நலமாகவும் இருக்கிறோம். ‘உயிரோடும்’ என்பதற்குக் கீழே கோடு போடச் சொல்லியிருக்கிறேன். அங்கே உங்கள் அலுவலகத்திலும் எல்லோரும் அப்படியே இருக்க வேண்டும், யாரைப் பற்றியும் யாரும் அவசரப்பட்டு எழுதிவிடக் கூடாது.

விஷயத்துக்கு வருகிறேன். ஆற்றுப்பாலத்தின் நடுத்தூண் உட்கார்ந்துபோய், அக்கரைக்காரர்கள் எல்லோரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு படகில் வேலைக்கு வந்தார்களே, அந்த வருஷம். பஸ்காரர்கள் வேலைநிறுத்தம் செய்து, சைக்கிள் கடைக்காரர் மாடி கட்டிக்கொண்டதும் அதே வருஷம்தான். என் மூத்த மகன் பிறந்து, பெயர் வைப்பதில் இரண்டு வீட்டாருக்கும் சண்டை வந்து, பையன் தவழும் வரைக்கும் ‘டேய்’ என்றே இருந்ததும் அப்போதுதான். அந்த வருஷத்துக்கு ஒரு நம்பர் உண்டு, அது உங்களிடம் இருக்கும். என்னிடம் பாலம்தான் இருக்கிறது. அந்த வருஷத்தில் ஒரு நாள் நடந்த ரிக்கார்டிங்கைப் பற்றித்தான் போன வாரம் உங்கள் ‘இசை உலகில் இன்று’ பகுதியில் போட்டிருந்தீர்கள்.

முடிதிருத்தும் கடையில் என் ஒரு கன்னத்தில் நுரை இருந்தது, மறு கன்னத்தில் வேலை முடிந்திருந்தது. கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வழக்கம்போல உரக்கப் படித்தார். இதே தேதியில், எங்கோ ஒரு நாட்டில் நாலு பேர் சேர்ந்து பாடுகிற குழு ஒன்று பிரிந்ததாம். இதே தேதியில் வேறொரு வருஷம் யாரோ ஒரு பாடகி கப்பலேறினாளாம். அப்புறம் எங்கள் பாட்டு வந்தது. ‘இரண்டாவது சரணத்தின் நாலாவது வரியில் சொல்லே இல்லாமல், ஒரு பெண் குரலின் ஹம்மிங் மட்டும் வரும், அந்த இடத்தை மறக்க முடியாது. அந்தக் குழுவினரில் இன்று எவரும் உயிரோடு இல்லை’ என்று படித்துவிட்டுக் கடைக்காரர் என்னைக் கண்ணாடியில் பார்த்தார்.

“என்ன பெருசு, உங்க அண்ணி போயிட்டாங்களா? ஒரு வார்த்தை சொல்லல?”

“காலையில என்னைத் திட்டிட்டுத்தானேய்யா அனுப்பினாங்க!”

“பேப்பர்ல போட்டிருக்கே.”

ஐயா, எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் அச்சில் வந்ததற்கு இருக்கிற கனம் தெரியும். பாதிச் சவரத்தோடு எழுந்து வீட்டுக்கு ஓடினேன். அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி, அந்த ஹம்மிங்கைப் பாடியவர். அண்ணன் போனதிலிருந்து எங்களோடுதான் இருக்கிறார். மாடிப்படியில் உட்கார்ந்து ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்து, “எந்தக் கன்னத்துக்குக் காசு குடுக்கல?” என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவருக்குத்தான் அன்றிலிருந்து ஒவ்வொன்றாகப் போக ஆரம்பித்தது.

மத்தியானமே வீட்டுத் தரகர் வந்து, மாடி அறை காலியாகிறதா என்று மிகவும் துக்கத்தோடு விசாரித்தார். அண்ணியே கதவைத் திறந்து, “காலிதான், ஆனா நான் மட்டும் உள்ள இருப்பேன், பரவாயில்லையா?” என்று கேட்டார். குடியிருப்போர் சங்கத்திலிருந்து மலர்வளையம் வந்தது. கொண்டு வந்தவன் பாவம், யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அவரிடமே கொடுத்தான். அவர் அதைத் திருப்பிப் பார்த்து, “முன்பக்கம் புதுப் பூ, பின்பக்கம் வாடினது. செத்தவங்க திருப்பிப் பார்க்க மாட்டாங்கன்னு ஏமாத்தியிருக்கான்” என்றார். வெளியூரிலிருந்து அவருடைய தம்பி மகன் அழுதுகொண்டே போன் செய்தான். அதையும் அண்ணிதான் எடுத்தார். “அத்தைதாண்டா பேசுறேன்” என்றதும் அந்தப் பக்கம் போன் கீழே விழுந்த சத்தம் இங்கே எங்களுக்குக் கேட்டது. அப்புறம் அவன் மனைவி எடுத்து, “அத்தை, அங்க சௌகரியமா இருக்கீங்களா?” என்று கேட்டாளாம். எந்த ‘அங்க’ என்று இன்று வரைக்கும் தெரியவில்லை.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவர்தான், மறுநாள் காலை ரத்த அழுத்த மாத்திரையை என் மருமகள் நீட்டியதும் கையைத் தட்டிவிட்டார். “இனிமே எதுக்கு?” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்கடுத்த நாளும் அதே. டாக்டர் போனில் சத்தம் போட்டார், மாத்திரையை நிறுத்தினால் மூளையில் போய் அடிக்கும் என்றார். அண்ணி எதற்கும் மசியவில்லை. சாப்பிட்டு முடித்ததும் அறைக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொள்கிறார். வெளியே வந்தால் முகம் வெளுத்திருக்கிறது. வாய்க்கு வாய் பேசுகிறவர், கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டுகிறார். பேப்பரே சொல்லிவிட்டது, நாம் ஏன் இன்னும் உட்கார்ந்திருக்கிறோம் என்று அவர் முடிவு கட்டிவிட்டதாகத்தான் எனக்குப் படுகிறது.

அதனால் உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் மரியாதையாகத்தான் பேசினாள், குறை சொல்ல மாட்டேன்.

“ஐயா, தப்புதான், மன்னிச்சுக்குங்க. ஆனா அது தேதிவாரியா வர்ற பகுதி. அந்தத் தேதிக்கான திருத்தத்தை அதே தேதியிலதான் போடுவோம். அடுத்த வருஷம் கண்டிப்பா போட்டுடலாம்.”

“ஏம்மா, அதுக்குள்ள நீங்க எழுதினது நிஜமாயிட்டா?”

“அப்போ திருத்தமே தேவைப்படாதே ஐயா” என்றாள்.

அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் சொன்னது சரியாக இருந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. தேதி என்பது ரயில் பெட்டி மாதிரி இருக்கிறது, ஐயா. ஒவ்வொரு வருஷத்திலிருந்தும் ஒருவர் ஏறி உட்கார்ந்துகொள்கிறார். குழு பிரிந்த நாலு பேரும், கப்பலேறிய பாடகியும், எங்கள் அண்ணியும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில். ஒருவரை ஒருவர் தெரியாது. ஆளுக்கு இரண்டு வரி, அதற்கு மேல் இடமில்லை. அந்த இரண்டு வரியில் ஏற்ற முடியாமல் நடைமேடையிலேயே நின்றுபோனதைக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த ரிக்கார்டிங் கூடத்தில் எனக்கு மின்விசிறி வேலை. சிவப்பு விளக்கு எரிந்தால் விசிறிகளை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் அந்த இரைச்சல் மைக்கில் ஏறிவிடும். விளக்கு அணைந்தால் போட வேண்டும். சுவிட்சு கதவுக்கு வெளியே. கதவில் ஒரு வட்டக் கண்ணாடி. உள்ளே பஞ்சு வைத்து அடைத்த சுவர். என்ன பாடுகிறார்கள் என்று வெளியே பொட்டுச் சத்தம் வராது. நான் அத்தனை பாட்டையும் பார்த்தவன், கேட்டவனில்லை. அன்று என் அண்ணன், ஆளுயர வயலினை நின்றுகொண்டே வாசிக்கிறவர், ஓரத்தில் நின்றார். கோரஸ் பெண்கள் நாலு பேர் ஒரு மைக்கைப் பங்கு போட்டுக்கொண்டு நின்றார்கள், அதில் ஒருவர் அண்ணி. டேக் மேல் டேக் போனது. விசிறி நிற்க நிற்க உள்ளே எல்லோருக்கும் வேர்த்துக் கொட்டியது. பாடகர் பெரிய ஆள், சட்டையைக் கழற்றிவிட்டு பனியனோடு பாடினார். உங்கள் பத்திரிகையில் இன்றைக்கும் கோட்டுப் போட்ட படம்தான் வருகிறது.

இடைவேளையில் அண்ணன் வெளியே வந்து சொன்னார். “கவிஞர் குழந்தைக்குக் காய்ச்சலாம்டா. ரெண்டாவது சரணத்துக்கு மூணு வரிதான் அனுப்பியிருக்காரு. நாலாவது வரி வந்துட்டிருக்காம், எதுல வருதோ தெரியல.” பஸ் இல்லாத நாள் அல்லவா? இசையமைப்பாளர் பொறுத்துப் பார்த்துவிட்டு, கோரஸ் பக்கம் கையைக் காட்டி, “நீ வாம்மா. அந்த வரி வர்ற இடத்துல சும்மா ஹம்மிங் குடு. கவிஞர் வந்ததும் மாத்திக்கலாம்” என்றாராம். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அண்ணி மைக்குக்கு முன்னால் போய் நின்றார். பனியன் போட்ட பாடகர் ஒதுங்கி இடம் விட்டார். அண்ணியின் உதடு மூடியே இருந்தது, கழுத்து மட்டும் அசைந்தது. பாட்டு முடிந்தும் சிவப்பு விளக்கை அணைக்க ஒலிப்பதிவாளருக்கு மறந்துவிட்டது, நானும் விசிறியைப் போடாமல் நின்றேன். சாயங்காலம் கவிஞர் மூச்சு வாங்க வந்து, ஒருமுறை கேட்டுவிட்டு, “இருக்கட்டும், விடுங்க. நாலு வரிக்கும் பேர் எனக்குத்தானே?” என்றார். ஆமாம், அவருக்குத்தான். இசைத்தட்டின் உறையில் பாடகர் பேர், இசையமைப்பாளர் பேர், கவிஞர் பேர், அப்புறம் ‘குழுவினர்’. அந்த ஒரு சொல்லுக்குள்தான் அண்ணி அத்தனை வருஷமும் குடியிருந்தார். போன வாரம் நீங்கள் அந்த வீட்டையும் பூட்டிவிட்டீர்கள்.

நான் அந்த ஹம்மிங்கை முதலில் கேட்டது ஒரு டீக்கடை ரேடியோவில். கையில் டம்ளரோடு நின்றுவிட்டேன். இன்றைக்கும் பாருங்கள், பாத்திரம் கழுவுகிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், யார் அந்தப் பாட்டைப் பாடினாலும் மூன்று வரியைத் தப்பும் தவறுமாகப் பாடுவார்கள், நாலாவது வரிக்கு வந்ததும் வாயை மூடிக்கொள்வார்கள். அதில் மட்டும் யாரும் தப்புச் செய்வதில்லை.

ஆகவே ஐயா, ஒரு யோசனை சொல்கிறேன். அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்க எங்களுக்குக் கட்டுப்படியாகாது. உங்கள் பகுதிக்குப் பெயர் ‘இன்று’ தானே? இந்தக் கடிதம் உங்கள் கைக்குக் கிடைக்கிற நாள் எதுவாக இருந்தாலும் அன்றைக்கே போடுங்கள்: ‘இசை உலகில் இன்று: அந்த நாலாவது வரியைப் பாடிய அம்மாள் உயிரோடு இருக்கிறார்.’ எந்தத் தேதிக்கும் பொருந்தும் செய்தி இது. அதை நான் அவர் முன்னால் உரக்கப் படிக்க வைப்பேன். கையோடு மாத்திரையையும் நீட்டுவேன்.

உங்கள் பத்திரிகை பல்லாண்டு ஓடட்டும். அச்சுக் கோர்ப்பவர் முதல் சைக்கிளில் போடுகிறவர் வரை எல்லோர் வீட்டிலும் பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் வளரட்டும். போனில் பேசிய அம்மாளுக்கு என் ஆசீர்வாதத்தைத் தனியாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
விசிறிக்காரர் (பெருவிரல் ரேகை)

பின்குறிப்பு: மேலே சொன்னது எதையும் போட வேண்டாம். கடிதத்தை மருமகள் எனக்குத் திருப்பிப் படித்துக் காட்டியபோது, தாழ் போட்ட கதவுக்குப் பின்னாலிருந்து அண்ணி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வெளியே வந்து என்னைப் பிடிபிடி என்று பிடித்துவிட்டார்.

“அறிவிருக்காடா உனக்கு? இத்தனை வருஷத்துல அந்த ஹம்மிங்கைப் பத்தி ஒருத்தர் எழுதியிருக்காங்களா? ஒருத்தர்? மறக்க முடியாதுன்னு எழுதினவங்க அந்தப் பொண்ணுதான். அவளைப் போய்க் குத்தம் சொல்லி நாலு பக்கம் எழுதுறியா? சாகாதவளைச் செத்தான்னு எழுதினா என்ன, பாடினதைப் பாடினான்னு எழுதியிருக்கா இல்ல?”

“அப்போ மாத்திரை ஏன் அண்ணி போடல?”

“அதைப் போட்டா இருமல் நிக்க மாட்டேங்குதுடா. ஹம்மிங்குக்குத் தொண்டை காயக் கூடாது. அது இன்னும் இருக்கா, போயிடுச்சான்னு பார்த்துட்டிருந்தேன். தினமும் மத்தியானம். நீங்க ரெண்டு பேரும் கதவுகிட்ட நின்னு மூச்சு விட்டுக்கிட்டிருந்தா எப்படிப் பாடுறது?”

மருமகள் தலையில் அடித்துக்கொண்டாள். அந்த மாத்திரை சிலருக்கு இருமல் கொடுக்குமாம், வேறு மாத்திரை இருக்கிறதாம், முதலிலேயே சொல்லியிருந்தால் டாக்டர் அன்றைக்கே மாற்றியிருப்பாராம். நேற்று மாற்றிக் கொடுத்தார். அண்ணி போட்டுக்கொண்டார், எங்கள் கண் முன்னாலேயே.

அப்புறம் எங்களை உட்காரச் சொல்லிவிட்டு அந்த வரியைப் பாடிக் காட்டினார். மேலே போகிற இடத்தில் குரல் உடைந்தது. “போயிடுச்சு” என்று அவரே சொல்லிவிட்டு, உடைந்த இடத்திலிருந்து எடுத்து மிச்சத்தையும் முடித்தார். பக்கத்தில் உட்கார்ந்து அவர் பாடி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதனால் திருத்தம் வேண்டாம், ஐயா. ஆனால் அந்தப் பகுதி எழுதுகிற அம்மாள் தனக்காக மட்டும் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளட்டும். நான் கதவுக்கு வெளியே நின்றவன், என்னைச் சேர்க்க வேண்டாம். உள்ளே இருந்தவர்களில் பாடகர் போய்விட்டார், இசையமைப்பாளர் போய்விட்டார், கவிஞரும் ஒலிப்பதிவாளரும் போய்விட்டார்கள், மற்ற மூன்று கோரஸ் பெண்களும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள், என் அண்ணனும் மற்ற வாத்தியக்காரர்களும் போய்விட்டார்கள். மிச்சம் ஒரே ஒருவர். வாத்தியக்காரர்கள் அவரைக் கூப்பிட்ட பெயர், தேனீ.