ஈரப்பதம் அண்ணைக்கு ஒரு கத்திரிக்கோல்

மொன்றியல் நகரத்தில் ஈரப்பதம் அண்ணையைப் போல ஒரு மனிதர் முன்பும் இருந்ததில்லை, இனியும் பிறக்கப்போவதில்லை. நம்பாதவர்கள் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் அவருடைய வீட்டு மேல்மாடியில் ஒன்பது வருடம் வாடகைக்கு இருந்து பார்த்திருக்க வேண்டும். நான் இருந்தேன். வாரம் ஒரு பத்தி எழுதுவதும் நாள் முழுக்கச் சாறிச் சட்டை தைப்பதும் என் பிழைப்பு. இரண்டுக்கும் அமைதி வேண்டும். அமைதி என்ற சாமான் அந்த வீட்டில் இருந்ததே இல்லை.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஊரில் யாருக்கும் அது தெரியாது. சென்ட் லோரனில் மருந்துத் தொழிற்சாலை ஒன்றின் களஞ்சியத்தில் அவருக்கு வேலை. கையில் ஒரு சின்ன மீற்றரோடு சுற்றிச் சுற்றி வந்து, காற்றில் எவ்வளவு ஈரம் என்று பார்த்து எழுத வேண்டும், அவ்வளவுதான். பென்ஷன் எடுத்த அன்று மற்றவர்கள் மணிக்கூடு பரிசாக வாங்குவார்கள். அண்ணை மீற்றரைக் கேட்டு வாங்கி, கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். குளிக்கும்போதும் கழற்றமாட்டார் என்று அவருடைய மனைவி பரிமளம் அக்கா சொல்வார்.

"குளிக்கேக்கை அது நூறு வீதம் காட்டும் பிள்ளை. அதைப் பாக்க அவருக்கு ஒரு சந்தோசம்."

ஒரு கலியாண வீட்டில் சனமெல்லாம் அறுகரிசி போட மேடையேறியது. அண்ணையும் ஏறினார். ஏறியவர் மணப்பெண்ணின் கன்னத்தடியில் மீற்றரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அறுபத்தெட்டு வீதம். படம் எடுக்கிறதெண்டால் கெதியா எடுங்கோ, பவுடர் நிக்காது." பெண்ணின் தாய் இன்றுவரை அவரோடு கதைப்பதில்லை.

நாங்கள் மன்னார்க் கத்தோலிக்கர். என் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய முதல் நன்மைக்கு மரியாதைக்காக அவரையும் கூப்பிட்டுத் தொலைத்தேன். பூசை முடிந்ததும் நேரே பாதரிடம் போனார். "சுவாமி, நீங்கள் அப்பம் வைக்கிற பெட்டியடியிலை எழுபது வீதம் நிக்குது. ரெண்டு நாளிலை இளகிப்போம்." பாதர் நல்ல மனிதர். சிரித்துக்கொண்டு, "ஆண்டவர் பாத்துக்கொள்ளுவார்" என்றார். "ஆண்டவர் பாப்பார் சுவாமி, ஆனா மீற்றர் ஆரிட்டை இருக்கு?" என்றார் அண்ணை. மாதாவே, நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்று நின்றேன்.

இப்படிப்பட்ட மனிதர் வீட்டு வளவில் கஞ்சா வளர்த்தார்.

கண்ணை அகட்டவேண்டாம், எல்லாம் சட்டப்படிதான். கியூபெக்கில் ஆசைக்கு வளர்க்க விடமாட்டார்கள், மருந்துக்கென்றால் அனுமதி உண்டு. பரிமளம் அக்கா இருபது வருடத்துக்கு மேல் குளிர் அறையில் நின்று கோழி வெட்டிப் பொதி செய்தவர். கை நரம்பெல்லாம் போய்விட்டது. பகலில் ஒருமாதிரிச் சமாளிப்பார். படுத்தால் இரண்டு கையும் நெருப்பாக எரியும். குளிசைகள் வயிற்றுக்கு ஒத்துவரவில்லை, கடையில் விற்கும் எண்ணெயும் ஒத்துவரவில்லை. கடைசியில் டொக்டர் கடிதம் கொடுத்து, ஒட்டாவாவிலிருந்து பத்திரம் வந்தது. நோயாளி அக்கா, அவருக்காக வளர்ப்பவர் அண்ணை. நாலு செடி. அந்தப் பூவில் அண்ணை காய்ச்சும் எண்ணெயில் சில துளி நாக்கில் விட்டால் அக்கா விடியும்வரை நித்திரை. நாலு செடியும் அவருக்கு ஒரு வருட நித்திரை.

அனுமதிப் பத்திரத்தை அண்ணை கண்ணாடிச் சட்டம் போட்டு முருகனுக்கும் லட்சுமிக்கும் நடுவில் தொங்கவிட்டார். ஒருமுறை மணம் தாங்காமல் யாரோ பொலிசுக்குச் சொல்லிவிட்டார்கள். வந்த இரண்டு பேரையும் "போன்ஜூர், வாங்கோ வாங்கோ" என்று சப்பாத்தைக் கழற்றவைத்து, சாமியறைக்குக் கூட்டிப்போய்ப் பத்திரத்தைக் காட்டினார். அது இரண்டு நிமிட வேலை. பிறகு தனக்குத் தெரிந்த பதினைந்து பிரெஞ்சுச் சொற்களில், பனியும் மொட்டும் பற்றி முக்கால் மணி நேரம் வகுப்பெடுத்தார். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் பொலிஸ் கார் கொஞ்சம் வேகமாகத்தான் போகும்.

அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரி, மொட்டழுகல். எனக்கு அதைப் படியில் மறித்து மறித்துச் சொல்லித் தந்திருக்கிறார். மொட்டுக் கொழுக்கக் கொழுக்க உள்ளே காற்றுப் போகாது. மழைத்தண்ணீர் உள்ளுக்குள் நின்றால் பூஞ்சணம் பிடித்து, வெளியே வடிவாக இருக்க உள்ளே அழுகிவிடும். அந்த மூதேவி வருவதும் வெட்ட ஒரு கிழமை இருக்கும்போதுதான். அதனால் புரட்டாதி பிறந்துவிட்டால் அண்ணை விடிய எழும்பி, நீளமான வயர் இழுத்து, அக்காவின் தலை காயவைக்கும் மிசினால் ஒவ்வொரு மொட்டுக்கும் குளிர்காற்றுப் பிடிப்பார். என் யன்னலுக்கு நேர் கீழே. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். "அண்ணை, அதுகளுக்குத் தலை வாரிப் பின்னியும் விடப்போறியளோ?" என்று மேலே நின்று கத்துவேன். "பின்னினால் காத்துப் போகாது பிள்ளை" என்று கீழேயிருந்து பதில் வரும்.

ஆனால் அவருக்கும் ஒரு பலவீனம் இருந்தது. நாலில் ஒன்று மற்றதையெல்லாம் விட இரண்டு மடங்கு கொழுத்து நின்றது. "மகாராணி" என்று கூப்பிடுவார். காற்றோட்டத்துக்கு மற்ற மூன்றிலும் இலை கழித்தவர், மகாராணியில் கைவைக்கவில்லை. வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் அதைக் காட்டிப் பெருமையடித்தார்.

அந்த வருடம் எண்ணெய் ஆடியோடு முடிந்துவிட்டது. அக்கா குந்திக் குந்தி இரவைக் கழித்தார், கண்ணெல்லாம் குழி விழுந்துவிட்டது. எல்லா நம்பிக்கையும் அறுவடையில் இருந்தது. அறுவடைக்கு ஒரு கிழமை இருக்க, நவராத்திரியும் மழையும் சோடியாக வந்தன.

சைவக்காரருக்கு நவராத்திரியின் கடைசி மூன்று நாளும் சரஸ்வதிக்கு. புத்தகத்தையும் தொழில் ஆயுதத்தையும் கும்பத்தடியில் வைத்தால் விஜயதசமியன்றுதான் எடுக்கலாம். இடையில் தொடக்கூடாது. மற்ற வீடுகளில் ஒரு பேனை, ஒரு புத்தகத்தோடு விட்டுவிடுவார்கள். பரிமளம் அக்காவின் பக்தி அப்படிப்பட்டதல்ல. கறிக்கத்தியையே வைத்துவிட்டார். மூன்று நாளும் சோறு, பருப்பு, கையால் பிய்த்த கீரை. அண்ணையின் கத்திரிக்கோல்கள், கொப்பு வெட்டி, நகவெட்டி எல்லாம் கும்பத்தடிக்குப் போயின. கடைசியாக அக்கா கையை நீட்டினார்.

"கழுத்திலை கிடக்கிறதையும் தாங்கோ. உதுதானே உங்கடை தொழில்?"

அண்ணையின் கழுத்தை வெறுமையாக நான் கண்டது அப்போதுதான். மீற்றர் இல்லாமல் மனிதர் பரிதவித்துப்போனார். ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் சாமியறைக்குப் போய்க் கைகூப்பிக் குனிந்து நின்றார். அக்காவுக்குப் புல்லரித்துவிட்டது. "உவருக்கு இப்பதான் பக்தி வந்திருக்கு பிள்ளை" என்று என்னிடம் கண் கலங்கினார். மனிதர் தொடாமல் மீற்றரை வாசித்துக்கொண்டிருந்தார். சாம்பிராணி அறையின் ஈரம் எதற்கு உதவும்? வளவில் இரண்டு நாளாக மழை விடாமல் ஊற்றியது.

இரண்டாம் நாள் பின்னேரம் மகாராணியின் உச்சி மொட்டில் ஒரே ஒரு குட்டி இலை மஞ்சளாகி வாடியிருந்ததைக் கண்டார். தொட்டார். இலை கையோடு வந்தது. மொட்டைப் பிளந்தார். உள்ளே சாம்பல் நிறத்தில் பஞ்சு படிந்து, தண்டு கறுத்துக் கூழாகிக் கிடந்தது. "ஐயோ, பரிமளம்!" என்று அவர் போட்ட சத்தத்தில் என் ஊசி விரலில் ஏறியது.

உடனே வெட்ட வேண்டும். கையால் முறித்தால் செடி உலுங்கும். உலுங்கினால் பூஞ்சணத் தூள் மற்ற மொட்டுகளுக்கெல்லாம் பறக்கும். விஜயதசமிவரை விட்டால் நாலும் போய்விடும். அண்ணை சாமியறை வாசலில் நின்று கெஞ்சினார். யாருக்காக வெட்ட வேண்டுமோ அந்த அக்காவே வழிமறித்து நின்றார்.

"இஞ்சருமப்பா, ஒரேயொரு கத்திரி."

"அம்மாளுக்கு வைச்சதை எடுக்கேலாது. என்ரை கை நோகட்டும்."

அண்ணை மழையில் ஓடிப்போய் டொலர் கடையில் ஒரு கத்திரிக்கோல் வாங்கிவந்தார். அக்கா வாசலில் வைத்தே அதைப் பறித்து, சந்தனம் பூசிக் கும்பத்தடியில் வைத்தார். இந்த நாளில் வீட்டுக்கு வரும் புது ஆயுதம் முதலில் அம்மாளுக்காம். அண்ணை திரும்ப ஓடி இன்னொன்று வாங்கி, சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வந்தார். அதுவும் பிடிபட்டது. தெரிந்த வீடுகளுக்கெல்லாம் போன் அடித்தார். எல்லாருடைய கத்திரிக்கோலும் சரஸ்வதியிடம். எந்த வீட்டிலும், "எடுக்கேலாது அண்ணை, நாளண்டைக்குத் தாறம்" என்ற ஒரே பதில்.

கடைசியாக வெளிப்படியில் ஏறிவந்து என் கதவைத் தட்டினார். தலையிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"பிள்ளை, நீங்கள் வேதக்காரர்தானே?"

"ஓம், கத்தோலிக்கர். அதுக்கு இப்ப என்ன?"

"அப்ப உங்கடை கத்திரிக்கோல் சும்மாதானே கிடக்கு?"

சும்மா! ஆறு சட்டை வெட்டாமல் கிடக்கிறது. அதுவும் அது தையல் கத்திரிக்கோல். அதைக்கொண்டு கடுதாசி வெட்டினதற்காக என் மனுசனோடு ஒரு கிழமை கதைக்காமல் இருந்தவள் நான். "உங்கடை கஞ்சாவுக்கு என்ரை கத்திரிதான் கிடைச்சுதோ? போங்கோ அண்ணை!" என்று பொரிந்து தள்ளினேன். அவர் போகவில்லை.

"அவ நித்திரை கொண்டு ரெண்டு மாசமாகுது பிள்ளை" என்றார். அவர் முகத்தில் வழிந்தது முழுக்க மழையில்லை. என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"கத்திரியைத் தரமாட்டன். நானே வந்து வெட்டுறன், நடவுங்கோ" என்றேன்.

வளவில் கால் வைக்க முதலே குசினி யன்னலில் அக்காவின் தலை தெரிந்தது. என்னைப் பார்த்தார், கத்திரிக்கோலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். மனதுக்குள் பெரிய வழக்கு நடந்திருக்க வேண்டும். பிறகு தீர்ப்பு வந்தது.

"வேதக்காரப் பிள்ளையின்ரை கத்திரி, வேதக்காரப் பிள்ளையின்ரை கை. அம்மாளுக்கு உதிலை வேலையில்லை. வெட்டுங்கோ!"

கோவிட் காலத்து முகமூடி இரண்டை மாட்டிக்கொண்டோம். அண்ணை ஒரு கையில் குடை, ஒரு கையில் குப்பைப் பை. "அழுகினதுக்கு நாலு விரல் கீழை வெட்டுங்கோ. உலுப்பாதேங்கோ. மூச்சு விடாதேங்கோ." "மூச்சு விடாமல் செத்துப்போறதே அண்ணை?" "அப்ப அங்காலை திரும்பி விடுங்கோ." ஒவ்வொரு வெட்டுக்கும் கத்திரிக்கோலை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். மொட்டு மொட்டாகப் பிரித்துப் பார்த்தோம். மகாராணி முழுக்கப் போய்விட்டாள். அடித்தண்டில் நான் வெட்டியபோது அண்ணை கண்ணை மூடிக்கொண்டார்.

"பெருமைக்குக் கொழுக்கவிட்டன் பிள்ளை. என்ரை பிழை."

அக்கா யன்னலால் எட்டி, "நல்லாயிருக்கிற பக்கத்தைக் கழுவி எடுத்தால் என்ன?" என்று கேட்டார். அண்ணை வாழ்க்கையில் முதல்தரமாக மனைவியை அதட்டினார். "பூஞ்சணத் தூள் தெரியாமல் ஒட்டியிருக்கும். உமக்கு நான் நஞ்சு தரமாட்டன்." அந்தச் செடி முழுக்கப் பையில் கட்டிக் குப்பைக்குப் போனது.

மற்ற மூன்றிலும் நாலைந்து மொட்டோடு அழுகல் நின்றிருந்தது. இனி மழையை நம்பி விட முடியாது என்று கொஞ்சம் முந்தியே மூன்றையும் வெட்டினோம். அண்ணை கீழறையில் கொடி கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு, மூன்று காற்றாடி வைத்தார். விஜயதசமி விடிய, பூசைக்கு ஐயர் வருவதற்கு முதலே மீற்றர் கழுத்துக்கு ஏறிவிட்டது. பிசின் பிடித்த என் கத்திரிக்கோலை ஸ்பிரிட்டில் ஊறவைத்துத் துடைத்து அக்காவே கொண்டுவந்து தந்தார். அதில் சந்தனப் பொட்டும் குங்குமமும் இருந்தன. இரவோடிரவாக அதையும் கும்பத்தடியில் வைத்து எடுத்திருக்கிறார். மாதா என்னை மன்னிப்பாராக, அதற்குப் பிறகு அது நன்றாகத்தான் வெட்டியது.

பூக் காய்ந்து, எண்ணெய் காய்ச்சி முடிய ஐப்பசி போய்விட்டது. முதல் பனி கொட்டின ஒரு காலை, பத்து மணியிருக்கும். மூன்று சட்டை பின்னேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். தையல் மிசினில் குந்தி ஒரு தையல் ஓடியிருக்கமாட்டேன், கதவில் மெதுவாக ஒரு தட்டு. திறந்தால் அண்ணை, தலையெல்லாம் பனி, வாயில் விரல்.

"மிசினை நிப்பாட்டுங்கோ பிள்ளை."

"ஏன், என்ன நடந்தது?"

"அக்கா இன்னும் எழும்பேல்லை." அவருக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. "பத்து மணி! மூண்டு தரம் போய் மூச்சு வருதோ எண்டு பாத்திட்டன். குறட்டை விடுறா பிள்ளை, குறட்டை!"

அவர் மெல்ல மெல்லப் படியிறங்கிப் போய், பக்கத்து வீட்டுக்காரன் பனி வழிக்கும் சத்தத்தையும் கையைக் காட்டி நிற்பாட்டினார். நான் மிசினை மூடிவிட்டு மதியம்வரை சும்மா இருந்தேன். அன்று பின்னேரம் மூன்று பெண்கள் வந்து வாய்க்கு வந்தபடி என்னை ஏசினார்கள். ஏசட்டும். அந்த மனிதருக்காக இன்னும் முப்பது சட்டை பிந்தியிருந்தாலும் எனக்குச் சந்தோசம்தான்.