எடையில்லாத மூன்றாமவர்

எடையே இல்லாத மனிதர்கள் என்று ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. ஒல்லியானவர்களைச் சொல்லவில்லை. நம்முடைய வானியல் பேராசிரியரைப் பாருங்கள், நல்ல தாட்டியான ஆள், உட்கார்ந்தால் நாற்காலி முனகும்.

இருபது வருஷமாக அவர் போடுவது ஒரே கணக்கு. ஒன்றையொன்று சுற்றும் இரண்டு பெரிய கோளங்கள், கூடவே ஒரு தூசு. பெரியவை இரண்டும் தூசை இழுக்கும். தூசு யாரையும் இழுக்காது. அதன் எடை பூஜ்யம் என்று வைத்துக்கொண்டால்தான் கணக்குச் சுலபமாக வரும். நல்ல ஏற்பாடுதான். அதை மனுஷன் தனக்கும் வைத்துக்கொண்டாரே! மகள் எந்தக் கல்லூரி என்று கேட்டால் "அம்மாவைக் கேளும்மா", வீட்டுக்கு எந்த வர்ணம் அடிக்கலாம் என்றால் "உன் இஷ்டம்", எதைக் கேட்டாலும் "எனக்கென்ன இருக்கு?" இதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் அடக்கம்.

துறையில் இரண்டு மூத்தவர்கள், எதிலும் ஒத்துப்போகாதவர்கள். கூட்டம் என்றால் நம்மவர் இருவருக்கும் சம தூரத்தில், முக்கோணத்தின் மூன்றாவது முனையில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். அந்த முனையில் மாட்டிய தூசு கோடி வருஷமானாலும் விலகாது என்று கட்டுரையே எழுதியவராயிற்றே.

ஒன்பது வருஷமாகத் தற்காலிக விரிவுரையாளராக இருந்த அம்மாள் ஒருவரை நிரந்தரமாக்கலாமா என்று தீர்மானிக்க, இந்த மூன்று பேரும் கூடினார்கள். வாசலிலேயே அந்த அம்மாள் இவரை மடக்கினாள்.

"சார், கை தூக்குவீங்கல்ல?"

"நான் தூக்கி என்னம்மா ஆகப்போகுது? நான் பாட்டுக்கு என் இடத்துல இருக்கேன்."

"அந்த மூணாவது முனை நிலைக்கணும்னா பெரியவங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் இன்னொருத்தரைவிட இருபத்தஞ்சு மடங்காவது கனமா இருக்கணும் சார். உங்க கட்டுரைக்கு அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்ததே நான்தான். இவங்க ரெண்டு பேரும் சரிக்குச் சரி."

சிரித்துக்கொண்டே உள்ளே போனார். வேறென்ன செய்வார்?

ஒருவர் வேண்டும் என்றார், ஒருவர் வேண்டாம் என்றார். இவர் தன் இரண்டு கைகளையும் மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு "நான் நடுநிலை" என்றார். சமமாக வந்தால் அந்த வேலையே ரத்து என்பது விதி. ரத்தாயிற்று. மறுநாள் அந்த அம்மாள் அறைச் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போனாள்.

அவருக்கு மனசு கேட்கவில்லை, பொய் சொல்லக்கூடாது. சாப்பிடும்போது மனைவியிடம் வருத்தப்பட்டார்.

"பாவம், அந்தம்மாவுக்கு ஒரே ஒரு கைதான் குறைஞ்சு போச்சு."

மனைவி அவர் கையையே பார்த்தாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன கூட்டத்தில், "நான் ஒருத்தன் சொல்லி என்ன" என்று நீங்கள் சும்மா இருந்தீர்களே, அன்றைக்கு அங்கே சாவியை ஒப்படைத்தது யார்?