முட்டில்லாத பலகை

பலகை உடையவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் வேறு யாரும் சொல்ல மாட்டார்கள்.

அப்போது நான் சிவில் இன்ஜினியரிங் முடித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வேலைதான் கிடைக்கவில்லை, காஞ்சிபுரத்தில் எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் குறை சொல்லும் தகுதி வந்துவிட்டிருந்தது. (கோயில் மண்டபத் தூண்களைப் பார்த்து, “இவ்வளவு தடிமன் தேவையே இல்லை” என்று சொல்லியிருக்கிறேன்.)

அந்தச் சமயத்தில் வாலாஜாபாத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. சரியாக அவர்கள் வருவதற்கு முதல் நாள், பாதாளச் சாக்கடைக் குழாய் பதிக்க எங்கள் வாசலை ஒட்டி எட்டடி அகலத்துக்கு, நெஞ்சளவு ஆழத்தில் பள்ளம் தோண்டினார்கள். அன்றே மழையும் பெய்து, விளிம்புவரை தண்ணீர்.

பக்கத்து வீட்டில் பூச்சு வேலை செய்துகொண்டிருந்த மேஸ்திரி முனுசாமியை அப்பா கூப்பிட்டார். அவர் ஒரு சாரப் பலகையைக் குறுக்கே போட்டார். நடுவில் முட்டுக் கொடுக்கக் கற்களையும் தூக்கிக்கொண்டு வந்தார்.

“முட்டு வேணாம்ணே, பார்க்க அசிங்கமா இருக்கும். நான் கணக்குப் போட்டுடறேன்” என்றேன்.

கைக்குக் கிடைத்தது மாப்பிள்ளை ஜாதகத்தின் ஜெராக்ஸ். அதன் பின்பக்கம் போட்டேன். பலகையின் நடுவில் ஒருவர் நின்றால் மேல்பக்கம் நசுங்கும், அடிப்பக்கம் இழுபடும். அதை மரம் தாங்குமா என்பதுதான் பெண்டிங் ஸ்ட்ரெஸ் கணக்கு. போட்டோவில் அகலமாகத் தெரிந்த மாப்பிள்ளையின் அப்பாவுக்குத் தொண்ணூறு கிலோ வைத்தேன். தாராளமாகத் தாங்கும் என்று வந்தது.

“தாங்கும்ணே, கணக்கு சொல்லுது.”

“உங்கிட்ட சொல்லிடுச்சும்மா. பலகைக்கு யாரு சொல்றது?” என்றார் முனுசாமி.

“நாலு வருஷம் படிச்ச பொண்ணு சொல்லுது, வுடுப்பா” என்று அப்பா பெருமையோடு கற்களைத் திருப்பி அனுப்பினார்.

கணக்கில் இரண்டு சின்ன விஷயங்கள் விடுபட்டிருந்தன. ஒரு நேரத்தில் ஒருவர்தான் நடப்பார் என்று நானாக வைத்துக்கொண்டேன். வருகிறவர்களிடம் அதைச் சொல்லவில்லை. அதோடு, பலகை உடையுமா என்று பார்த்தேனே தவிர, உடையாமல் எவ்வளவு வளையும் என்று பார்க்கவே இல்லை. (பரீட்சைக்கு வராது என்று சீனியர் அக்கா சொன்னதால் அந்தப் பாடத்தை விட்டிருந்தேன்.)

மறுநாள் சாயங்காலம் வந்தார்கள். முன்னால் அரக்குப் பட்டில் மாப்பிள்ளையின் அம்மா, பின்னால் பூத்தட்டோடு அப்பா, கடைசியில் மாப்பிள்ளை. மூவரும் ஒட்டி ஒட்டி ஏறினார்கள். பாதி தூரத்தில் பலகை தொய்ய, அந்த அம்மாள் பயந்து நின்றார். அவர் நின்றதால் மற்ற இருவரும் நின்றார்கள்.

“இன்னாங்க, கீழ போவுது!”

“ஒண்ணும் ஆவாது, நட நீ!”

பலகை லிஃப்ட் மாதிரி நிதானமாக இறங்கியது. தண்ணீர் முதலில் செருப்பை நனைத்தது, பிறகு ஜரிகைக் கரையை. எங்கள் அப்பா ஓடிப்போய் அந்த அம்மாளைக் கைப்பிடித்து இழுத்தார். பதற்றத்தில் அவர் கணவரும் ஒரே தாவில் கரையேறிவிட்டார். இரண்டு பாரமும் ஒன்றாக இறங்கியதும் பலகை தன் பழைய வடிவத்துக்குத் துள்ளித் திரும்பியது. (புத்தகத்தில் போட்டிருப்பது போலவே, அத்தனை அழகாக.) மேலே மிச்சமிருந்த மாப்பிள்ளை சற்று எழும்பி, பள்ளத்துக்குள் உட்கார்ந்தார்.

மன்னிப்புக் கேட்கத்தான் வாசலுக்கு ஓடினேன். வாயில் வந்தது வேறு.

“பார்த்தீங்களா, உடையல! நான் போட்ட கணக்கு சரி!”

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுச் சாரத்தில் முனுசாமி சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். தோள் மட்டும் குலுங்கியது.

சேறு வழியும் முகத்தோடு மாப்பிள்ளை நிமிர்ந்தார். “நீங்கதான் பொண்ணா?”

“ஆமா.”

“கரை வழுக்குதுங்க. ஏணி இருந்தா குடுங்க. நீங்க கணக்குப் போடாத ஏணியா.”

என் அப்பாவின் லுங்கியைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளையும், என் அம்மாவின் நூல் புடவையில் அவர் அம்மாவும் கேசரி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். இந்தச் சம்பந்தம் கைவிட்டுப் போனது என்று நாங்கள் நினைத்திருக்க, ஒரு வாரம் கழித்துச் சம்மதம் என்று போன் வந்தது. காரணம் கேட்ட தன் அம்மாவிடம் மாப்பிள்ளை சொன்னாராம்: “இதுக்கு மேல இன்னாம்மா ஆவப் போவுது?”

இன்று கட்டடங்களுக்குக் கணக்குப் போடுவதே என் பிழைப்பு. அவற்றுக்குள் என் மாமியார் மட்டும் முதலில் நுழைவதில்லை. போன மாதம் எங்கள் சொந்த வீட்டுப் புதுமனைப் புகுவிழா. நல்ல நேரம் போகிறது என்று புரோகிதர் அவசரப்படுத்த, மாமியார் வாசற்படியில் நின்றுகொண்டு, ஊரே கேட்கும்படி சொன்னார்:

“மொதல்ல மாடு போவட்டும். நடு ஹால்ல கொஞ்ச நேரம் நிக்க வுட்டுப் பாருங்க. அப்புறம் நான் வர்றேன்.”