வேலையில்லாதவர் செய்த கேட்

மந்தாரக்குப்பம் கடைத்தெருவை அகலப்படுத்துவதென்று மேலிடத்தில் முடிவாயிற்று. இடிபடும் கடைகளுக்குப் புதிய வணிக வளாகத்தில் இடம் உண்டு. ஆனால் பத்தாண்டு தாக்குப்பிடித்த தொழில்களுக்கு மட்டும். அவை எவை என்று கண்டறிய 2014-ல் ஓர் ஆய்வு நடந்தது. நேரில் போய்க் கேட்டால் கடைக்காரன் பொய் சொல்வான் அல்லவா? ஆகவே வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவேடுகளை மட்டும் வைத்து ஆய்வை முடித்தார்கள்.

பாவாடையின் கிரில் பட்டறை அந்தத் தெருவில் பதினைந்து வருஷமாக நெருப்பு கக்கிக்கொண்டிருந்தது. பட்டியலில் அது இல்லை. பட்டறை போனால் சோற்றுக்கு என்ன வழி? ஆய்வு அலுவலகத்துக்கு ஓடினான். அந்த அலுவலக வாசலின் இரும்பு கேட்டும் அவன் செய்ததுதான்.

ஆய்வு உதவியாளர் கலைச்செல்வன் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார்.

"பாவாடை, ஐ.டி.ஐ. வெல்டர். தொண்ணூத்தாறுல வேலைக்குப் பதிஞ்சிருக்கீங்க. மூணு வருஷத்துக்கு ஒருக்கா தவறாம புதுப்பிச்சிருக்கீங்க. ரொம்ப ஒழுங்குங்க."

"நிலக்கரி மைன்ஸ்ல பர்மனென்ட் வேலை வருமேன்னு போட்டு வச்சது சார்."

"அதான். வேலைக்குக் காத்திருக்கிறவர் வேலையில்லாதவர். வேலையில்லாதவர் எப்படிங்க பட்டறை நடத்த முடியும்?"

"நடத்திக்கினு இருக்கேனே! இந்தக் கேட்டைச் செஞ்சது யாருன்றீங்க?"

"வேலையில்லாத ஒருத்தர்," என்றார் கலைச்செல்வன், சலனமே இல்லாமல். "பதிவை ரத்து பண்ணிட்டு வாங்க. ரத்தான நிமிஷமே உங்க பட்டறை பதினஞ்சு வருஷமா இருந்ததா ஆயிடும்."

பாவாடை கணக்குப் போட்டான். பதினெட்டு வருஷ சீனியாரிட்டி! மாமனார் பெண் கொடுத்ததே அதைப் பார்த்துத்தான். வெளியே வந்து மனைவி அன்புக்கரசிக்குப் போன் போட்டான்.

"ரத்து கித்துன்னா வூட்டுப் பக்கமே வராதீங்க," என்றாள் அவள். "பட்டறை போனா இன்னொண்ணு போட்டுக்கலாம். சீனியாரிட்டி போனா வருமா?"

தெருவே அப்படித்தான் யோசித்தது. கடைக்காரர் எல்லோரும் பதிந்து வைத்தவர்கள்தான்; டீக்கடை ஷரீப் உட்பட ஒருத்தரும் ரத்து செய்யவில்லை. அறிக்கை வந்தது: "இவ்வூரில் சிறுதொழில் எக்காலத்தும் தோன்றியதில்லை. வேலையற்றோர் ஒரே தெருவில் திரளாக நிற்கும் போக்கு மட்டும் நெடுங்காலமாகக் காணப்படுகிறது." இல்லாத கடைகளை இடிக்க அரை நாள் போதுமாயிருந்தது. பாவாடை அன்று அழுதான்.

வளாகம் எழும்பிற்று. தகுதியானவர் யாரும் இல்லாததால் பூட்டிக் கிடந்தது. காலிக் கடைகளைக் காக்க ஆள் வேண்டுமே? சீனியாரிட்டிப்படி பாவாடைக்கு இன்டர்வியூ கார்டு வந்து, வேலையும் கிடைத்தது. ஆறு மாதக் கான்ட்ராக்ட்தான். ஆனாலும் அன்புக்கரசி தெருவெல்லாம் லட்டு கொடுத்தாள்.

முதல் நாளே ஷரீப் வளாக வாசலில் ஸ்டவ்வை மூட்டி டீ ஆற்றிக்கொண்டிருந்தார். பாவாடை தடியைத் தட்டினான்.

"பாய், இங்க கடை போடக் கூடாது."

"எங்கங்க கடை? ரெக்கார்டைப் பாருங்க. நான் வேலையில்லாம சும்மா நின்னுக்கினு இருக்கேன்."

விதிப்படி அது சரி. பாவாடை தடியைச் சாத்திவிட்டு டீக்கு நின்றான். பக்கத்தில் கலைச்செல்வன் ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஆய்வு வேலையும் கான்ட்ராக்ட்தாங்க, முடிஞ்சிடுச்சு. இப்பதான் பதிவைப் புதுப்பிச்சிட்டு வரேன்."

"புதுப்பிச்சா? அப்ப நீங்களும் இத்தினி நாளா..."

"ஆமாங்க. சீனியாரிட்டியை விட முடியுமா?"

"அப்ப அந்த ஆய்வைச் செஞ்சது யாரு சார்?"

கலைச்செல்வன் கடைசி மடக்கைக் குடித்து டம்ளரை வைத்தார்.

"வேலையில்லாத ஒருத்தர்."