பெருக்கப் பெருக்கக் குறையும் ஈயம்

மாசுக்கு எதிராக மனிதகுலம் கண்ட ஆயுதங்களில் தலைசிறந்தது பெருக்கல். அதைக் கண்டுபிடித்த பெருமை பல்கேரியாவில் ஒரு சிற்றூரின் நீர் ஆய்வகத்தைச் சேரும்.

அங்கே வேதியியலாளராக இருந்த சோர்னித்சா, பேட்டரி ஆலையின் கழிவுநீர்க் குட்டையில் மாதிரி எடுத்தாள். ஊர் மிளகாய்த் தோட்டங்களுக்கெல்லாம் அந்தக் குட்டையிலிருந்துதான் பாசனம். ஈயம் முழுவதையும் 'கரையாத' ஈய சல்பேட்டாக்கி அடியில் படியவைத்துவிட்டதாக ஆலை சத்தியம் செய்திருந்தது. சோர்னித்சா அளந்தாள். லிட்டருக்கு ஈய அயனி 0.00013 மோல், சல்பேட் அயனியும் அதே அளவு. இரண்டையும் பெருக்கினாள். 0.000000017. இதற்குமேல் கரையாது என்று பாடப்புத்தகம் சொல்லும் எல்லையை, அதாவது கரைதிறன் பெருக்கத்தை, அது ஏறக்குறையத் தொட்டது. குட்டை, தன்னால் முடிந்த மட்டும் ஈயத்தைக் கரைத்துவைத்திருந்தது.

ஆய்வக இயக்குநர் ராஷெவ் அந்த எண்ணைப் பார்த்ததும் ஆனந்தத்தில் கண்கலங்கினார்.

"ஏம்மா, புள்ளிக்கப்புறம் எத்தனை சைபர்?"

"ஏழு, சார். ஆனா அது ஈயத்தோட அளவு இல்ல. ஈயம் லிட்டருக்கு இருபத்தேழு மில்லிகிராம். குடிதண்ணிக்கு அனுமதிச்ச அளவைப்போல ரெண்டாயிரத்து எழுநூறு மடங்கு!"

"அதை யாரு கேட்டா? பெருக்குறதுக்கு முன்னாடி எத்தனை சைபர்?"

"மூணு."

"பெருக்கினதும் ஏழா! இன்னொரு வாட்டி பெருக்கிப் பாரேன்."

ஊர் மண்டபத்தில் அறிக்கை வாசிக்கப்பட்டது: 'குட்டைநீரில் ஈயம்: 0.000000017.' எதில் எவ்வளவு என்பது சுருக்கம் கருதி விடப்பட்டது. சோர்னித்சா எழுந்தாள். கேள்விகள் 'எழுத்துமூலமாக' வரவேற்கப்படும் என்று உட்காரவைத்தார்கள். கைதட்டல் ஓயவில்லை.

மிளகாய்த் தோட்டக்காரி ஸ்தோய்னா ஒரு கூடை சிவப்பு மிளகாயோடு மேடையேறினாள். "மூணு மாசமா பயந்துகிட்டே கிடந்தோம் ஐயா. வயித்துல பாலை வார்த்தீங்க. இந்தாங்க, வீட்டுல சுட்டுச் சாப்பிடுங்க."

ராஷெவின் கை நீண்டது, பாதியில் நின்றது.

"வேணாம்மா... மிளகாய் எனக்கு ஒத்துக்காது."

"எடுத்துக்குங்க சார்," என்று கீழிருந்து சோர்னித்சா கத்தினாள். "ஏழு சைபராச்சே!"

ஸ்தோய்னா அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு கூடையை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அப்போ என் பேரப்பிள்ளைங்களுக்கு மட்டும் ஒத்துக்குமா?"

இயக்குநரை யாரும் குறைசொல்ல வேண்டாம். பெருக்காமல் கணக்குப் பார்க்க, அந்த மேடையில் அவர் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது.