மைக்செட்டு பாடிய பாட்டு

எங்கள் ஏரிக்கரை ஊரான தோணிரேவில் பிறந்தவர்களிலேயே மைக் இல்லாமல் மூச்சுவிடத் தெரியாத ஒரே மனிதர் மைக்செட்டுதான். சவுண்டு சர்வீஸ் நடத்தினார். கல்யாணம், சாவு, காணாமல் போன ஆடு எல்லாவற்றையும் ஒரே குரலில் அறிவிப்பார். டீக்கடையில் எதிரில் நிற்கிறவரிடம் டீ கேட்பதென்றாலும் “அல்லோ, அல்லோ” என்றுதான் ஆரம்பிப்பார்.

எங்கள் சேவைச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். பிள்ளைகளுக்குப் படிப்பு உதவியை மார்க் பார்த்துக் கொடுக்கலாமே என்றேன்.

“இன்னா சார் மார்க்கு? பாடு வெச்சிக்கலாம்” என்றார்.

ஏரியில் வலை போட ஆளுக்கு ஒரு நாள் என்று முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். அப்பன் செத்தால் அது மகனுக்குப் போகும், மகளுக்குக் கிடையாது. மைக்செட்டு சங்கத்திலும் வீட்டுக்கு வீடு முறை வைத்துவிட்டார்.

ஒரு வருஷம் முத்து வீட்டு முறை. முத்துவின் மகள் செல்விக்கு நர்சிங் சீட்டு கிடைத்திருந்தது. உதவி கொடுக்கும் விழாவுக்கு முந்தின வாரம் காற்றில் முத்துவின் படகு கவிழ்ந்தது. அவன் உடல் ஏரி கடலைத் தொடும் முகத்துவாரத்தில் ஒதுங்கியது. அதையும் மைக்செட்டுதான் ஊருக்கு அறிவித்தார். குரல் பாதியில் நின்றுபோனது.

விழாவில் முத்துவின் தம்பி எழுந்தான். “நைனா செத்தா பாடு ஆம்பளப் புள்ளைக்குத்தான். அண்ணனுக்கு ஏது ஆம்பள? என் பையனுக்குக் குடு!”

பாதிக் கூட்டம் தலையாட்டியது. இனி இறால் கம்பெனி வேலைதான் என்று செல்வியின் அம்மாவே முணுமுணுத்தாள்.

மைக்செட்டு மைக்கில் கத்தினார்: “இந்த வருசம் செல்வி பாடு! செல்வி பாடு!”

சென்னையிலிருந்து வந்திருந்த சிறப்பு விருந்தினர் கைதட்டினார். “பாடும்மா, வெட்கப்படாதே!”

யாரும் சிரிக்கவில்லை. அப்பாவைப் புதைத்த ஈரம்கூடக் காயவில்லை. மேடையில் நின்ற செல்விக்கு உதடு துடித்தது. நான் விருந்தினருக்கு விளக்குவதற்குள் மைக்செட்டு தானே பாட ஆரம்பித்துவிட்டார். வலை இழுக்கும்போது பாடும் பாட்டு. அப்படியொரு கேவலமான குரலை நான் கேட்டதில்லை. ஏரியிலிருந்த பூநாரைகள் மொத்தமும் ஆந்திராப் பக்கம் பறந்தன. அவர் முதுகுக்குப் பின்னால் நின்று செல்வி அழுது தீர்த்தாள். அவள் தேம்பல் அடங்கும்வரை அவர் நிறுத்தவில்லை.

பிறகு தம்பியைப் பார்த்து, “ஏரில பொண்ணுக்குப் பாடு இல்ல. இங்க உண்டு. இன்னும் ஒரு பாட்டு பாடட்டா?” என்றார்.

அவன் உட்கார்ந்துவிட்டான். செல்வி நர்சிங் படிக்கப் போனாள். அதன்பிறகு எந்தப் பெண்பிள்ளையின் முறையை யார் எதிர்த்தாலும் மைக்செட்டு அதே மிரட்டலைத்தான் விடுவார்.

போன வருஷம் மைக்செட்டு காலமானார். இப்போது நான் செயலாளர். இந்த வருஷ விழாவில் ஒரு பெண்ணின் முறைக்கு ஒருவன் முரண்டு பிடித்தான். அந்த மனுஷனை நினைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்து “அல்லோ, அல்லோ” என்றேன். பிறகு பாடினேன், அவரைவிடக் கேவலமாக.